கணக்கில் வராதோருக்காகக் கணக்குப் பார்த்தவர்

1958-ஆம் ஆண்டில் நடைபெற்ற இரண்டு நிகழ்ச்சிகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம்.

ஜனவரித் திங்களில், அமெரிக்க நாட்டு இரசாயனப் பேராசிரியர் ஒருவர், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு கோரும் விண்ணப்பம் ஒன்றை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் ஹாமர்ஷீல்டிடம் அளித்தார். அதன் அடியில் 9,000-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்து இருந்தது.

மே மாதத்தில், பசிபிக் மாகடலின் நடுவே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெடாக் என்னும் பவளத்தீவுக் கூட்டத்தில், ருனிட் என்ற சிறு தீவின் முனையில், அதே அமெரிக்க நாட்டுப் படையினர் ஒரு குண்டை வெடித்தனர். ஹிரோஷிமாவைச் சுட்டெரித்த குண்டைவிடச் சற்றே பெரியது அது. கண் இமைக்கும் நேரந்தான்! 350 அடி அகலமும் 30 அடி ஆழமும் கொண்ட பெருங்குழி விழுந்தது.

விண்ணப்பம் ஐந்தாண்டுகளில் பலன் தந்தது. சோதனைகளுக்குத் தடை வந்தது. குழியோ, இருபது ஆண்டுகள் கழித்து, சோதனைகள் விட்டுச்சென்ற நச்சு மண்ணைக் கொட்டி மூடும் கிடங்காயிற்று. அந்தக் கிடங்கு இன்றும் இருக்கிறது. நாம் இறந்த பின்னரும், நம் பேரன் பேத்திகள் இறந்த பின்னரும், அது இருக்கும்.

விண்ணப்பத்தைக் கொண்டுபோன பேராசிரியர் லைனஸ் பாலிங். குழியை வெட்டியவர்கள் வெடிப்பின் வலிமையைக் கணக்கிட்டார்கள். பாலிங்கோ, அதன் விளைவைச் சுமக்கப்போகும், இன்னும் பிறவாத உயிர்களைக் கணக்கிட்டார். அவரது வாழ்க்கையை அறிந்தால் அந்தக் குழியின் பொருள் நமக்கு விளங்கும்.

பாலிங் 1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர், மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே கண்ணை மூடிவிட்டார். தாய், வீட்டில் தங்குவோருக்கு உணவும் இடமும் கொடுத்து, அந்த வருவாயில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் லைனஸ் கிடைத்த வேலையெல்லாம் செய்தான். கிடைத்த புத்தகமெல்லாம் படித்தான். தோழன் ஒருவன் வீட்டில் கண்ட இரசாயனச் சோதனை அவன் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அன்று முதல் அதுவே அவன் வாழ்வாயிற்று.

உயர்நிலைப் பள்ளியில் அவருக்குச் சான்றிதழ் தரப்படவில்லை. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தை முடிக்கவில்லை என்பது காரணம்! பின்னாளில் நாட்டின் வரலாற்றிலேயே இடம்பெற்ற மனிதருக்கு அந்தச் சான்றிதழை, 1962-இல், 61-ஆம் வயதில்தான் பள்ளி கொடுத்தது.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன? ஆரிகன் விவசாயக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. விடுமுறைக் காலங்களில் சாலை போடும் இடங்களுக்குச் சென்று, கலவை சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை செய்தார். அந்தக் கூலியில் தாய்க்கும் அனுப்பினார். ஓராண்டு பணமின்றிப் படிப்பு நின்றபோது, கல்லூரியே அவரைத் தன் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல அமர்த்தியது. 1922-இல் அவரிடம் இரசாயனம் கற்க வந்த மாணவியருள் ஒருவர் ஏவா ஹெலன். மறு ஆண்டே இருவரும் மணந்துகொண்டனர். பாலிங்கைச் சோதனைச்சாலையிலிருந்து மக்கள் மன்றத்துக்கு அழைத்து வந்தவர் இந்த அம்மையார்தான் என்பதைப் பாலிங்கே பலமுறை நன்றியுடன் ஒப்புக்கொண்டிருக்கிறார். மனைவியின் அறிவுக்குத் தலைவணங்குவதை இழுக்காகக் கருதாத மனிதர் அவர்!

கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் 1925-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பாலிங், ஐரோப்பா சென்று அணுவைப் பற்றிய புதிய விஞ்ஞானத்தைக் கற்றுத் திரும்பினார். அணுவும் அணுவும் எந்த ஈர்ப்பால் கைகோத்து நின்று பொருளாகின்றன என்பதை விளக்கி 1939-இல் அவர் வெளியிட்ட நூல், உலகெங்கும் இரசாயன மாணவர்களின் கைநூலாயிற்று. 1949-இல், அரிவாள் வடிவில் இரத்த அணுக்கள் வளைந்துபோகும் பரம்பரை நோய்க்குக் காரணம், இரத்தத்திலுள்ள ஒரே ஒரு மூலக்கூறில் ஏற்பட்ட மாறுதலே என்று அவரும் அவரது மாணவர்களும் நிறுவினர்.

இந்தக் கண்டுபிடிப்பை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உயிர்க்கூறில் கடுகளவு மாறுதல். அதன் விளைவு, பிறக்கும் குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் வேதனை. இதை ஆராய்ந்து கண்டவரிடம் போய், கதிரியக்கத்தால் சிறு மாறுதல்தானே ஏற்படும், கவலை எதற்கு என்று சொன்னால் ஏற்பாரா? ஏற்கவில்லை. அவரது பிற்காலப் போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

போர் என்றதும் ஒதுங்கி நின்ற துறவி அல்லர் பாலிங். இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பலில் உயிர்வளியின் அளவைக் காட்டும் கருவியை அமைத்துத் தந்தார். வெடிமருந்து ஆராய்ச்சியும் செய்தார். அதற்காக 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் ஆட்சி அவருக்குப் பதக்கம் வழங்கியது. ஆனால், அணுகுண்டு செய்யும் இடத்துக்கு இரசாயனப் பிரிவின் தலைவராக வருமாறு ஓப்பன்ஹைமர் அழைத்தபோது, அவர் போகவில்லை.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. பாலிங் ஊர் ஊராகச் சென்று, இந்தக் குண்டு எத்தகையது என்று பொதுமக்களுக்கு விளக்கத் தொடங்கினார். ஐன்ஸ்டைன் தலைமையில் அமைந்த அணுவிஞ்ஞானிகள் குழுவில் சேர்ந்தார். விஞ்ஞானி தன் ஆராய்ச்சியைச் செய்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும் என்று எண்ணிய காலம் அது. வாய் திறந்தவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் கம்யூனிஸ்டு! 1952-இல், இலண்டன் மாநகரில் அவரது கண்டுபிடிப்புகளைப் பற்றியே பேசக் கூடிய விஞ்ஞானிகள் கூட்டத்துக்குச் செல்ல அவர் அனுமதி கேட்டபோது, அமெரிக்க அரசு கடவுச்சீட்டுத் தர மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்திய ஆண்டில்தான், சோவியத் நாட்டு விஞ்ஞானிகள் மாநாடு கூட்டி, பாலிங்கின் இரசாயனக் கொள்கை பொருள்முதல் வாதத்துக்குப் பகையானது என்று கண்டித்திருந்தனர். அங்கே முதலாளித்துவவாதி, இங்கே கம்யூனிஸ்டு! உண்மையைச் சொல்பவனுக்கு இரு பக்கமும் அடி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1954-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உலகம் சிரிக்குமே என்ற அச்சத்தால் கடவுச்சீட்டும் வந்து சேர்ந்தது.

அதே 1954-இல்தான், மார்ச் முதல் நாள், மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. செய்தவர்கள் எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கு வலிமையுடன் அது வெடித்தது. 150 இலட்சம் டன் வெடிமருந்துக்கு ஈடானது. பொடியாகிப்போன பவளப்பாறை சாம்பலாகிக் காற்றில் மிதந்து, ரோங்கெலாப் தீவு மக்களின் மீது பனிபோலப் பெய்தது. அது நஞ்சு என்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினர். கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றிலும் அந்தச் சாம்பல் விழுந்தது. 23 மீனவரும் நோயுற்றனர். ஒருவர் அந்த ஆண்டு முடிவதற்குள் மாண்டார். வலைவீசப் போனவன் செய்த குற்றம் என்ன?

உலகம் அதிர்ந்தது. சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று அடுத்த மாதமே இந்திய நாடாளுமன்றத்தில் நேரு கேட்டுக்கொண்டார். 1955-இல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்ட 11 பேருள் பாலிங்கும் ஒருவர்.

ஆனால் வல்லரசுகள் செவிசாய்க்கவில்லை. வாஷிங்டனும் மாஸ்கோவும் மாறி மாறி வெடித்தன, இலண்டனும் சேர்ந்துகொண்டது. வானிலிருந்து விழும் நஞ்சு மிக அற்பமானது, அச்சம் வேண்டாம் என்று அணுசக்திக் குழுவினர் மக்களைத் தட்டிக்கொடுத்தனர். அப்போதுதான் பாலிங் கணக்குப் போட உட்கார்ந்தார்.

குண்டு வெடிக்கும்போது பிறக்கும் நஞ்சுகளில் ஒன்று ஸ்ட்ரான்சியம்-90. குணத்தில் சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. மழையோடு புல்லில் இறங்கி, பசுவின் மடிக்குப் போய், பாலில் கலந்து, குழந்தையின் எலும்பில் குடியேறிவிடும். அதன் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 29 ஆண்டு ஆகும். மற்றொன்று கார்பன்-14. வெடிப்பில் பறக்கும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாக்குவதால் உண்டாவது. அது பாதியாகக் குறைய 5,730 ஆண்டு! செடி, கொடி, விலங்கு, மனிதர் என எல்லா உடலிலும் அது கலக்கும்.

ஒவ்வொரு மனிதனுக்கும் ஏற்படக்கூடிய தீங்கு மிகச் சிறியது என்று எதிர்வாதம் செய்தோர் கூறினர். அது பொய்யன்று. பாலிங்கும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு தீங்கை உலகிலுள்ள எல்லா மனிதராலும் பெருக்குங்கள் என்றார் அவர். கார்பன்-14 நிலைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பிறக்கப்போகும் எல்லாத் தலைமுறைகளாலும் பெருக்குங்கள் என்றார். பெருக்கிப் பார்த்தால் ஊனமுற்றுப் பிறக்கும் குழந்தைகள், புற்றுநோயால் மடியும் மனிதர்கள் என்று எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போயிற்று. எண்ணிக்கை எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே கடும் வாதம் நடந்தது. எண்ணும் முறை சரியானது என்பதைத்தான் மறுக்க முடியவில்லை. அதே 1958-இல், சோவியத் நாட்டில், ஹைட்ரஜன் குண்டைச் செய்த சாகரோவே அந்த முறையில் கணக்கிட்டு, அதே அச்சத்தை வெளியிட்டார்.

1957 மே மாதம் செயிண்ட் லூயி நகரில் பேசிய பாலிங், அன்றே தோழர்கள் இருவருடன் அமர்ந்து விண்ணப்பத்தை எழுதினார். சில வாரங்களில் 2,000 அமெரிக்க விஞ்ஞானிகள் கையெழுத்திட்டனர். பாலிங் குடும்பமே வீட்டில் அமர்ந்து உறையொட்டி, அஞ்சல்தலை ஒட்டி, உலகெங்கும் அனுப்பியது. கடைசியில் கையெழுத்து 11,021 ஆயிற்று. 49 நாடுகளிலிருந்து வந்தவை அவை.

1958 பிப்ரவரியில், ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப்பட்ட எட்வர்டு டெல்லருடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதாடினார். சோதனை தொடர்ந்தால்தான் நஞ்சில்லாத தூய குண்டு செய்ய முடியும் என்பது டெல்லர் கட்சியினரின் வாதம். தூய குண்டாம்! கொலைக் கருவியில் தூய்மை பார்த்தார்கள்!

அந்த ஆண்டில் பாலிங் இன்னொன்றும் செய்தார். ரஸ்ஸல் முதலிய பலருடன் சேர்ந்து, பசிபிக் சோதனைகளை நிறுத்துமாறு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மீதும் அணுசக்திக் குழுவினர் மீதும் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. மனித இனம் முழுவதற்கும் பொதுவாக வரும் துன்பத்துக்காக, தனக்கெனத் தனியான கேடு ஒன்றைக் காட்டாத எவரும் வழக்காட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஒருவன் வீட்டில் குப்பை கொட்டினால் வழக்குண்டு. உலகம் முழுவதிலும் கொட்டினால் வழக்கில்லை! வழக்கு நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில்தான் ருனிட் தீவில் குழி விழுந்தது. ஆகஸ்டில் அதே தீவில் மற்றொரு குண்டு சரியாக வெடிக்காமல் போய், புளூட்டோனியத்தை மண்ணெங்கும் இறைத்தது.

பாலிங்குக்குக் கிடைத்த கூலி என்ன? இரசாயனத் துறைத் தலைவர் பதவியிலிருந்து அந்த ஆண்டே விலக நேர்ந்தது. 1960-இல் செனட் சபையின் விசாரணைக் குழு அவரை இழுத்து நிறுத்தியது. கையெழுத்துகள் எல்லாம் ஐக்கிய நாடுகள் சபையிலேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டத் தடையில்லை என்றார் பாலிங். ஓடியாடி அவற்றைச் சேகரித்து உதவியவர்களின் பெயரைச் சொல் என்றது குழு. அவர் சொல்லவில்லை. என்னை நம்பி உழைத்த இளைஞர்களைக் காட்டிக்கொடுக்க என் மனச்சான்று இடந்தராது என்ற நிலையில் நின்றார். சிறைவாசம் வரக்கூடும் என்று தெரிந்தே நின்றார். மக்களின் எதிர்ப்பைக் கண்டு குழுதான் பின்வாங்கியது.

அமெரிக்காவை மட்டும் சாடியவரா அவர்? இல்லை. 1961-இல் சோவியத் அரசு மீண்டும் சோதனையைத் தொடங்கி, உலகம் காணாத பெருங்குண்டை ஆயத்தம் செய்தபோது, குருஷ்சேவுக்குக் கண்டனம் எழுதினார். 1962 ஏப்ரலில், வெள்ளை மாளிகையின் வாயிலில் பதாகை ஏந்திக் கிளர்ச்சி செய்தார். அன்று மாலையே உடை மாற்றிக்கொண்டு, நோபல் பரிசு பெற்றோருக்குக் கென்னடி அளித்த விருந்துக்கு அழைப்பாளராக அதே வாயில் வழியே உள்ளே சென்றார். கண்ணியமும் கண்டிப்பும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

அந்த ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டிலிருந்தும் ஒரு குரல் வெள்ளை மாளிகைக்குப் போயிற்று. 83 வயதில் இராஜாஜி கடல் கடந்து சென்று, சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியை நேரில் வேண்டினார். அவருடைய கொள்கைகளோடு நமக்கு எத்தனையோ மாறுபாடு உண்டு. ஆயினும் தள்ளாத வயதில் அவர் மேற்கொண்ட அந்தப் பயணத்தைப் போற்றத்தான் வேண்டும்.

தாய்மாரும் களத்தில் இறங்கினர். செயிண்ட் லூயி நகரில் டாக்டர் லூயிஸ் ரீஸ் என்ற அம்மையார் முன்னின்று, குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை 3 இலட்சமாயின. சோதனைகள் பெருகப் பெருக, பல்லில் ஸ்ட்ரான்சியம்-90 பெருகியதை ஆராய்ச்சி காட்டியது. குழந்தையின் பல்லே சாட்சி சொன்னபின் எந்த அரசு மறுக்க இயலும்?

1963 ஆகஸ்ட் 5-ஆம் நாள், மாஸ்கோவில், அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் இனிச் சோதனை இல்லை. அக்டோபர் 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே, 1962-ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசு பாலிங்குக்கு என்ற அறிவிப்பும் வந்தது. தொலைபேசி இல்லாத கடலோரப் பண்ணை வீட்டில் இருந்த அவருக்கு, வனத்துறைக் காவலர் வந்து சொல்லித்தான் செய்தி தெரிந்தது. அமெரிக்க ஏடுகள் பல வாழ்த்துவதற்கு மாறாக ஏசின. பணியாற்றிய கழகமும் முகங்கோணியது. அதை விட்டு வெளியேறினார்.

உடன்படிக்கை முழுமையானதன்று. பூமிக்கு அடியில் வெடிக்கலாம் என்று வழி வைத்திருந்தது. பிரான்சும் சீனாவும் அதில் சேரவில்லை. ஆயினும், வானில் இரட்டிப்பாகிவிட்ட கார்பன்-14 அந்த 1963 முதல் காற்றில் குறையத் தொடங்கிற்று. கடலும் மரமும் அதை உறிஞ்சிக்கொண்டன. காற்று தப்பியது.

மண்?

இங்கேதான் அந்தக் குழிக்கு மீண்டும் வருகிறோம். 1948 முதல் 1958 வரை எனிவெடாக்கில் மட்டும் 43 குண்டுகள் வெடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, 1952-இல், எலுகெலாப் என்ற தீவையே இருந்த இடம் தெரியாமல் அழித்தது. 1947 டிசம்பரிலேயே எனிவெடாக் மக்கள் உஜெலாங் என்ற சிறு தீவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தனர். மீன்வளம் குறைந்த அந்தத் தீவில், கப்பல் வந்தால் உணவு, வராவிட்டால் பட்டினி என்று 30 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தனர். ஊர் திரும்ப வேண்டும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டதால், 1977-இல் அமெரிக்கா துப்புரவு செய்ய முற்பட்டது.

ஏறத்தாழ 4,000 போர்வீரர்கள் அந்த வேலைக்கு அனுப்பப்பட்டனர். வெயிலில் திறந்த மார்புடன் நச்சு மண்ணை அள்ளியவர் பலர். தீவுகளின் மேல்மண்ணைச் சுரண்டிச் சிமெண்டுடன் குழைத்து, ருனிட் குழியில் கொட்டினர். 1 இலட்சம் கன கஜத்துக்கு மேற்பட்ட மண்ணும் குப்பையும்! அதன்மேல் 358 கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கவிழ்த்த கூடைபோல் மூடினர். மூடியின் கனம் ஒன்றரை அடி. குழியின் அடியிலோ எதுவும் இல்லை! தளம் போடவில்லை, பூச்சு இல்லை. சல்லடை போன்ற பவளப்பாறை. கடல் ஏறும்போது நீர் உள்ளே ஏறும், இறங்கும்போது இறங்கும்.

மேலே மூடியும் கீழே ஓட்டையுமான இந்தப் பெட்டகம் எதைக் காக்க வேண்டும்? புளூட்டோனியம்-239. அது பாதியாகக் குறைய 24,100 ஆண்டு. காவிரிக்குக் குறுக்கே நிற்கும் கல்லணைக்கு வயது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு என்கிறோம், மார்தட்டிக்கொள்கிறோம். அதுவும் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து வந்ததால் நிற்பது. கல்லணையின் வயதைப்போல் பன்னிரண்டு மடங்கு காலம் காத்தாலும், நஞ்சு பாதிதான் குறைந்திருக்கும். அதுவரை எந்த அரசு இருக்கும்? எந்த மொழியில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அங்கே நிற்கும்?

1980-இல் மக்கள் எனிவெடாக்குக்குத் திரும்பினர். ஆனால் ருனிட்டில் எவரும் குடியிருக்கக் கூடாது என்பது நிலையான தடை. 1986-இல் மார்ஷல் தீவுகள் தன்னாட்சி பெற்றபோது செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 15 கோடி டாலரைக் கொடுத்து, அணுச் சோதனைகளால் எழும் கோரிக்கைகள் அனைத்தும் இத்துடன் தீர்ந்தன என்று அமெரிக்கா எழுதி வாங்கிக்கொண்டது. பின்னர் அமைந்த தீர்ப்பாயம், மக்களுக்குச் சேர வேண்டிய ஈட்டுத்தொகை 200 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டது. நிதி வற்றிப்போயிற்று, பெரும்பகுதி வழங்கப்படவேயில்லை. மண்ணள்ளிய போர்வீரர்களின் நிலையும் அதுதான். கதிரியக்கத்துக்கு உள்ளானவர்கள் என்று அவர்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2022-இல். நாற்பது ஆண்டு காத்திருக்க இயலாமல் மாண்டவர்களுக்கு அந்தச் சட்டம் எதற்கு?

மூடியில் விரிசல்கள் தெரிகின்றன. கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. அது இப்போதைக்கு இடிந்து விழும் அபாயம் இல்லை என்று அமெரிக்க எரிசக்தித் துறை 2020-இல் அறிக்கை அளித்தது. அதற்கு அது காட்டிய ஆறுதல்களில் ஒன்று இது: குவிமாடத்துக்குள் இருப்பதைவிட அதிகமான கதிரியக்கப் பொருள் வெளியே காயலின் அடிமணலிலேயே கிடக்கிறதாம்! மூடி வைத்தது சிறு பகுதி, மூடாதது பெரும்பகுதி. ஆகையால் மூடி உடைந்தாலும் பெரிய மாற்றம் இல்லையாம்! இது ஆறுதலா, குற்ற ஒப்புதலா? குவிமாடம் மார்ஷல் மண்ணில் இருப்பதால் பொறுப்பும் மார்ஷல் அரசினுடையதே என்ற வாதமும் வாஷிங்டனிலிருந்து எழுந்தது. குண்டு எங்களுடையதல்ல, குப்பையும் எங்களுடையதல்ல என்று தீவு மக்கள் கேட்கும் கேள்விக்கு நேரான விடை வரவில்லை. அந்தக் குவிமாடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கல்லறை.

பாலிங் பிற்காலத்தில் வைட்டமின் சி-யின் ஆற்றலைப் பற்றி மிகையாகக் கூறினார். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்ற பகுத்தறிவாளர் நெறி அவருக்கும் பொருந்தும். 1981-இல் ஏவா ஹெலன் மறைந்தார். 1994 ஆகஸ்ட் 19-ஆம் நாள், 93-ஆம் வயதில், அந்தக் கடலோரப் பண்ணை வீட்டில் பாலிங்கும் மறைந்தார். இருவேறு நோபல் பரிசுகளையும் பிறருடன் பங்கிடாமல் தனியே பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இளமையில் சாலைக் கலவையின் பதம் பார்த்த அந்த மனிதர், ஒரு வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று பார்க்காமல் அதை ஏற்கக் கூடாது என்பதை அன்றே கற்றிருப்பார். அணுவை ஆண்டவர்கள் கற்கவில்லை. வெடிப்பதற்கு ஒரு நொடி. காப்பதற்கு 24,000 ஆண்டு. நொடியின் பெருமை ஒருவனுக்கு. ஆண்டுகளின் சுமை வேறொருவனுக்கு. தொலைவிலுள்ள தலைநகர் தீர்மானிக்கும். கடலோரத்துச் சிறுபான்மை மக்கள் சுமப்பர். அந்தத் தீர்மானத்தின்போது அவர்களை எவரும் கேட்கவில்லை. பிறவாத அவர்களது பிள்ளைகளைக் கேட்கவே முடியாது. கேட்க முடியாதவர்களுக்காகக் கணக்கெடுத்து வந்து மன்றத்தில் நின்றதுதான் பாலிங்கின் தொண்டு.

சோதனைகளை முற்றிலும் தடுக்கும் உடன்படிக்கை 1996-இல் எழுதப்பட்டும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மீண்டும் வெடிக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதன் குப்பையை எங்கே வைப்பாய், யார் காப்பார், எத்தனை ஆண்டு, அந்த ஊர் மக்களின் ஒப்புதல் எங்கே என்ற நான்கு கேள்விகளையும் மக்கள் கேட்க வேண்டும். விடை வருமுன் வெடிக்க விடக்கூடாது. வெடித்தவன் எவனோ அவனே காக்க வேண்டும். பணத்தை எறிந்துவிட்டுப் பொறுப்பைத் துடைத்துக்கொள்ள விடக்கூடாது.

நம் கழகத் தோழர்கள் படிப்பகங்களில் இந்த வரலாற்றைப் பேச வேண்டும். இளைஞர்களுக்கு ருனிட் தீவை நிலப்படத்தில் தேடிக் காட்ட வேண்டும். பாலிங்கிடம் படை இல்லை, பதவி இல்லை. ஒரு பேனாவும் ஒரு கணக்கும் துணைக்கு ஒரு மனைவியும் இருந்தனர். மூன்று வல்லரசுகளின் கையைக் கட்ட அது போதுமானதாயிற்று. காற்றைக் காக்க அன்று எழுந்த குரல், மண்ணைக் காக்க இன்று எழ வேண்டும்.